விடுவிப்புக் கடிதம் இல்லாதவரின் பணிக்காலம்: இடைவெளியை விளக்குவது எப்படி?

"கடைசி வேலையை எப்போது விட்டீர்கள்? அதன் பிறகு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர் எங்கே?" தனியார் நிறுவன நேர்காணல்களில் இந்த மூன்று கேள்விகளும் அடுத்தடுத்து வருகின்றன. வரிசையாக வேலை மாறி, ஒவ்வொரு இடத்திலும் கடிதம் வாங்கி வைத்திருப்பவருக்கு இவை சடங்கான கேள்விகள். சம்பள பாக்கியோடு வெளியேறியவருக்கும், சாதி சொல்லித் திட்டப்பட்ட மறுநாள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டவருக்கும், ஊரில் நடந்த தாக்குதலுக்குப் பின் நீதிமன்றத்துக்கு அலைந்தவருக்கும் நேர்காணல் அங்கேயே முடிந்துவிடுகிறது. பலர் இரண்டு தவறான வழிகளில் ஒன்றைத் தேர்கிறார்கள். ஒன்று, பழைய வேலையையே மறைத்து 'அனுபவம் இல்லை' என்று எழுதுவது. மற்றொன்று, யாரிடமோ பணம் கொடுத்து ஒரு போலி அனுபவச் சான்று வாங்குவது. முதலாவது உழைத்த ஆண்டுகளை அழிக்கிறது. இரண்டாவது எதிர்கால வேலையையும் அழிக்கிறது. இவ்விரண்டும் தேவையில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியின் பின்னணி

வானூர் வட்டம் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. வானூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. இங்குள்ள சேரிகளிலிருந்து படித்து வெளிவரும் இளைஞர்களுக்கு வேலை மூன்று திசைகளில் இருக்கிறது: எல்லையைத் தாண்டினால் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை எனப் புதுச்சேரியின் தொழிற்பேட்டைகள்; திண்டிவனம் வழியாக வடக்கே சென்றால் மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்; ஊரிலேயே தங்கினால் திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளும் கிரஷர்களும். மூன்று திசையிலும் ஒப்பந்தத் தொழிலாளராகவே பெரும்பாலோர் நுழைகிறார்கள். உள்ளே போகும்போது பணி நியமனக் கடிதம் இல்லை. வெளியே வரும்போது விடுவிப்புக் கடிதமும் இல்லை.

நேர்காணல் அறை சாதியற்ற இடம் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஏற்கவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுடைய விண்ணப்பங்கள் ஆதிக்கச் சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் மனிதவள மேலாளர்களிடம் நடத்திய ஆய்வு, 'குடும்பப் பின்னணி' என்ற கேள்வி தேர்வில் எவ்வளவு எடை பெறுகிறது என்பதைக் காட்டியது. 'இடைவெளி ஏன்?' என்ற கேள்வியும் இதே இடத்தில்தான் நிற்கிறது. அது நேர்மையான கேள்வியாக இருக்கலாம். குடும்பத்தையும் ஊரையும் தோண்டும் கருவியாகவும் ஆகலாம். விண்ணப்பதாரர் எதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், எதற்குக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதை அறிந்திருப்பது அதனால்தான் முக்கியம்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது

இடைவெளியைத் தனிமனிதரின் சோம்பலாகவோ நிலையின்மையாகவோ பார்ப்பது நிறுவனங்களின் வழக்கம். காரணங்கள் பெரும்பாலும் விண்ணப்பதாரரின் கையில் இருப்பதில்லை.

முதலாவது, நிறுவனமே மூடப்படுவது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள், இருபதுகளின் நடுவிலேயே வேலையிழந்தனர். அவர்களுடைய பணிவரலாற்றில் விழுந்த இடைவெளி ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் முடிவால் விழுந்தது.

இரண்டாவது, கல்லூரியிலேயே தொடங்கும் இடைவெளி. கல்வி உதவித்தொகை வரவில்லை என்று கூறி மாணவரின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் நிறுத்திவைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. சான்றிதழ் கைக்கு வரும்வரை அந்த மாணவர் எந்த வேலைக்கும் முறையாகச் சேர முடியாது. தனியார் கல்லூரிகளில் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது ஆதிதிராவிடர் நலத்துறையின் 2012 ஆம் ஆண்டு அரசாணை 92. அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் அறிவித்தது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பண்டம் அல்ல, அதன்மீது பிணையுரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

மூன்றாவது, முடிவடையாத வெளியேற்றம். மேற்பார்வையாளரின் வசவு, தனிக் குவளை, சம்பளம் தராமல் இழுத்தடித்தல், மிரட்டி எழுதி வாங்கப்பட்ட ராஜினாமா ஆகியவற்றால் ஒருவர் வேலையை விட்டு நிற்கிறார். நிறுவனம் அவரை 'சொல்லாமல் ஓடிப்போனவர்' என்று பதிவு செய்கிறது. கடிதம் வாங்க வேண்டுமானால் வசைபாடிய அதே அதிகாரியின் முன்னால் போய் நிற்க வேண்டும். இப்படி விடுவிப்புக் கடிதம் என்ற ஒரு தாளின் வழியாக, பழைய முதலாளி புதிய வேலையின் வாசலிலும் காவல் நிற்கிறார்.

அம்பேத்கரின் பணிவரலாற்றில் ஓர் இடைவெளி

இந்த மூன்றாவது வகை வெளியேற்றத்துக்கு நம் வரலாற்றில் மிகப் பெரிய சான்று அண்ணல் அம்பேத்கரே. பரோடா அரசின் உதவித்தொகையில் 1913 இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், படிப்பு முடிந்தபின் 10 ஆண்டுகள் பரோடா அரசில் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பையும் பாதியில் நிறுத்திவிட்டு 1917 இல் பரோடாவுக்கு வந்தார். அந்த நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. அடையாளத்தைச் சொல்லாமல் பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரைத் தடிகளுடன் வந்த கூட்டம் வெளியேற்றியது. அவர் வேலையை விட்டுவிட்டு பம்பாய் திரும்பினார்.

ஒரு நவீன மனிதவள மேலாளர் அந்தப் பணிவரலாற்றைப் பார்த்தால் என்ன எழுதுவார்? பாதியில் நின்ற லண்டன் படிப்பு, ஒப்பந்தக் காலம் முடியாமல் கைவிடப்பட்ட அரசுப் பணி, பின்னர் பம்பாயில் தொடங்கி நிலைக்காமல் போன ஆலோசனைத் தொழில். 1918 நவம்பரில்தான் அவர் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். 1920 இல் மீண்டும் லண்டன் சென்று விட்ட படிப்பைத் தொடர்ந்து, 1923 இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பரோடாவில் நடந்ததை அவர் பின்னாளில் தம் கைப்பட எழுதியும் வைத்தார். அந்த இடைவெளிக்குக் காரணம் அவருடைய தகுதி அல்ல; உயர்கல்வி பெற்ற ஒருவருக்குக் கூட ஓர் அறை தர மறுத்த சமூகம். தம் பணிவரலாற்றில் இத்தகைய இடைவெளியைச் சுமக்கும் இன்றைய இளைஞர் இதை நினைவில் வைத்துக்கொண்டு நேர்காணல் அறைக்குள் செல்லலாம்.

சட்டம் என்ன தருகிறது, என்ன தரவில்லை

இந்தியாவில் தனியார் ஊழியர் ஒவ்வொருவருக்கும் விடுவிப்புக் கடிதம் தந்தே ஆக வேண்டும் என்று கட்டளையிடும் ஒரே பொதுச்சட்டம் கிடையாது. உரிமைகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலையாணைகள் பொருந்தும் தொழிற்சாலைகளில், பணியிலிருந்து நீங்கும் நிரந்தரத் தொழிலாளருக்குப் பணிச்சான்று பெறும் உரிமையை மாதிரி நிலையாணைகள் அளித்தன. மத்திய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகளின்படி, 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே நிலையாணைகள் கட்டாயம். முந்தைய மத்தியச் சட்டத்தில் இந்த வரம்பு 100 ஆக இருந்தது. சிறு தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் இதனால் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2020, தொழிலாளர் கேட்டால் அவர் செய்த வேலையின் விவரங்களுடன் அனுபவச் சான்று வழங்க ஒப்பந்தக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. 'கேட்டால்' என்பதே இதில் முக்கியமான சொல். எனவே எழுத்தில் கேளுங்கள். இதே சட்டத்தொகுப்பு, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

சம்பள பாக்கிக்கு ஊதியச் சட்டத்தொகுப்பு 2019 இருக்கிறது. வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கும் தாமாக ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்கிறது அது. 'கணக்கு முடிக்க மூன்று மாதமாகும்' என்ற பதில் சட்டப்படியானது அன்று.

'ஓடிப்போனவர்' என்ற முத்திரைக்கும் பதில் உண்டு. தொடர்ந்து சில நாட்கள் வராதவரின் பெயரை விசாரணையின்றித் தானாகவே நீக்கிவிட முடியாது, அவருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று டி.கே. யாதவ் வழக்கில் 1993 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணை நடத்தாத நிறுவனம், அந்த முத்திரையைப் பிற நிறுவனங்களிடம் உண்மைபோலப் பரப்ப முடியாது. பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் தனியாகவே தொழிற்தாவா எழுப்பலாம். இதற்கு முன்பு 3 ஆண்டுகளாக இருந்த கால வரம்பைப் புதிய தொகுப்பு 2 ஆண்டுகளாகக் குறைத்துவிட்டது. ஆகவே தாமதிக்கக் கூடாது.

ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3 ஆண்டுகளுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் ஏற்றது. எனவே 'பத்திரம் எதுவும் செல்லாது' என்ற பொதுப்பேச்சை நம்ப வேண்டாம். எனினும், பத்திரத்தின் பேரில் நிறுவனம் கோரக்கூடியது நியாயமான இழப்பீட்டை மட்டுமே. அதற்காக அசல் சான்றிதழைப் பறித்துவைக்கவோ, வேறெங்கும் வேலைக்குப் போகாதே என்று தடுக்கவோ முடியாது.

எல்லைக்கோட்டின் இரு பக்கம்

வானூர்ப் பகுதித் தொழிலாளர்கள் பலர் முதல் புகாரிலேயே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வீடு தமிழ்நாட்டில்; வேலை புதுச்சேரியில். விழுப்புரத்தில் உள்ள தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தால், வேலை நடந்த இடம் தங்கள் எல்லைக்குள் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ வேலை செய்தவர் புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறையை அணுக வேண்டும். கடைகள், அலுவலகங்களில் பணிபுரிந்தவர்களுக்கும் சட்டம் வேறு: தமிழ்நாட்டில் 1947 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், புதுச்சேரியில் 1964 ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டுச் சட்டத்தின் 41 ஆம் பிரிவு, 6 மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் அல்லது அதற்கீடான சம்பளமும் இன்றி நீக்கக் கூடாது என்கிறது.

வருங்கால வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் மத்தியச் சட்டங்களின் கீழ் வருவதால் எல்லைக்கோடு அவற்றைப் பாதிப்பதில்லை.

முதலாளியிடம் கேட்காமலே கிடைக்கும் ஆவணங்கள்

விடுவிப்புக் கடிதம் இல்லாதபோதும் பணிக்காலத்தை நிறுவ முடியும். அதற்கான பதிவுகளில் பல அரசு அமைப்புகளின் கையில் இருக்கின்றன. முதலாளி அவற்றை மறைக்க முடியாது.

வைப்புநிதிக் கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு உறுப்பினர் இணையதளத்தில் நுழைந்தால், எந்த நிறுவனத்தில் எந்த நாளில் சேர்ந்தீர்கள் என்ற பணிவரலாறும், மாதவாரியாகச் செலுத்தப்பட்ட தொகையும் கிடைக்கும். இன்று பல நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பில் இதைத்தான் முதலில் பார்க்கின்றன. பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், நீங்கள் இன்னும் அங்கேயே வேலை செய்வதுபோலப் பதிவு காட்டும். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் வேலை பார்த்ததாகச் சந்தேகம் எழும். 2020 முதல் இந்தத் தேதியை உறுப்பினரே பதிய முடிகிறது. கடைசிப் பங்களிப்புக்குப் பின் இரண்டு மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். ஆதாருடன் இணைந்த கைபேசி எண் வேண்டும். கடைசிப் பங்களிப்பு செலுத்தப்பட்ட மாதத்துக்குள் ஒரு நாளையே குறிக்க முடியும். தேதியைக் கவனமாகப் பதியுங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் கணக்கில் ஏறவில்லை என்றால் வைப்புநிதி நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் செய்யலாம்.

இதனுடன் சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், இ.எஸ்.ஐ. எண், நிறுவன அடையாள அட்டையின் நகல், சம்பளச் சீட்டு, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் ஷிப்ட் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்.

அடுத்து, முடிவடையாத வெளியேற்றத்தை உங்கள் பக்கத்திலிருந்து முடித்து வையுங்கள். எத்தனை மாதம் கழிந்திருந்தாலும் மின்னஞ்சலிலும் விநியோகச் சான்றுடன் கூடிய விரைவுத் தபாலிலும் பின்வரும் பொருளில் ஒரு கடிதம் அனுப்பலாம்:

"தங்கள் நிறுவனத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன பணியில் இருந்தேன். இன்ன தேதியுடன் பணியிலிருந்து விலகியதை இதன்மூலம் உறுதி செய்கிறேன். எனக்குரிய ஊதிய நிலுவையையும் பணி அனுபவச் சான்றையும் 15 நாட்களுக்குள் வழங்கக் கோருகிறேன்."

மிரட்டி ராஜினாமா வாங்கியிருந்தால் இக்கடிதத்தை அனுப்பக் கூடாது. அது விருப்ப விலகலாகிவிடும். அந்த ராஜினாமா கட்டாயத்தின் பேரில் பெறப்பட்டது என்று உடனடியாக எழுத்தில் தெரிவித்துவிட்டு, வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ அணுக வேண்டும். நிறுவனம் பதில் தராவிட்டாலும் நீங்கள் அனுப்பிய கடிதமும் விநியோகச் சான்றும் புதிய நிறுவனத்திடம் காட்டத்தக்க ஆவணங்களாகும்.

நேர்காணலில் என்ன சொல்வது

பதில் உண்மையாக இருக்க வேண்டும். சுருக்கமாக இருக்க வேண்டும். ஆவணத்தோடு பொருந்த வேண்டும். இரண்டு அல்லது மூன்று வாக்கியங்கள் போதும். பிறகு பேச்சை இன்றைய வேலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

சம்பளத் தகராறில் விலகியவர்: "ஊதிய நிலுவை தொடர்பாக நிறுவனத்துக்கும் எனக்கும் இடையே தீராத பிரச்சினை இருந்தது. அதனால் விடுவிப்புக் கடிதம் இதுவரை வரவில்லை. என் பணிக்காலத்துக்கு வைப்புநிதிப் பதிவும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன."

சாதி இழிவால் விலகியவர்: "அங்கிருந்த பணிச்சூழல் எனக்கு ஏற்றதாக இல்லை, விலகினேன்." இது பொய் அன்று. என்ன நடந்தது என்று விவரிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கடமை இல்லை. விவரிக்க விரும்பினால் நிகழ்வை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். எதிரே இருப்பவரின் இரக்கத்துக்காகக் காயத்தைத் திறந்து காட்ட வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

குடும்பத்தில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர், போட்டித் தேர்வுக்குப் படித்தவர், குழந்தை வளர்த்தவர், ஊரில் விவசாயக் கூலி வேலை செய்தவர் ஆகியோர் அதை அப்படியே சொல்லலாம். கூலி வேலையும் வேலைதான். கல்குவாரியில் கல் உடைத்த ஓராண்டை 'சும்மா இருந்தேன்' என்று சொல்பவர் தம் உழைப்பைத் தாமே மறுக்கிறார்.

மறைக்கக் கூடாதது

போலி அனுபவச் சான்று வேண்டவே வேண்டாம். வைப்புநிதிப் பதிவோடு ஒப்பிடும் ஒரு நிமிடத்தில் அது அம்பலமாகும். போலி ஆவணத்தைப் பயன்படுத்துவது குற்ற வழக்காகவும் ஆகலாம்.

அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவத்தில் 'உங்கள்மீது குற்ற வழக்கு உண்டா' என்ற கேள்வி வரும். வன்கொடுமை வழக்கில் நீங்கள் புகார்தாரரோ சாட்சியோ என்றால் அது உங்கள் மீதான வழக்கு அன்று. ஆனால் வன்கொடுமைப் புகாருக்குப் பதிலடியாக நம்மவர்மீது எதிர்வழக்குப் போடுவது இம்மாவட்டத்தில் எங்கள் அன்றாட அனுபவம். அப்படி ஒரு வழக்கு இருந்தால், கேள்வி கேட்கப்பட்ட அளவுக்கு உண்மையை எழுதிவிடுங்கள். அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இதில் முக்கியமானவை. விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். படிவத்தில் குறிப்பாகக் கேட்கப்படாததைச் சொல்லவில்லை என்பதற்காக மறைத்ததாகக் கருத முடியாது. வழக்கின் தன்மையையும் பணியின் தன்மையையும் எடைபோட்டே அதிகாரி முடிவெடுக்க வேண்டும். வழக்கைவிட, வழக்கை மறைத்ததே பலருடைய வேலையைப் பறித்திருக்கிறது.

சுமையை இடம் மாற்ற வேண்டும்

இதுவரை கூறியவை இன்றைய நிலையில் ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள். ஆனால் விளக்கமளிக்கும் சுமை முழுவதையும் தொழிலாளரின் தோளிலேயே விட்டுவைப்பது நியாயமாகாது. ஜெர்மனியில், பணி முடியும்போது எழுத்துச் சான்று பெறுவது ஒவ்வொரு ஊழியரின் சட்ட உரிமை. தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109 ஆம் பிரிவு, அச்சான்றில் மறைபொருளில் குறை சொல்லும் குறியீடுகளையும் தடை செய்கிறது. இங்கோ அது முதலாளியின் மனநிலையைப் பொறுத்த சலுகையாக இருக்கிறது. நிறுவனத்தின் அளவு எதுவாயினும், பணியிலிருந்து நீங்கும் ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட நாட்களுக்குள் சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, செய்த பணி ஆகியவை கொண்ட சான்று வழங்குவதை மாநில விதிகள் கட்டாயமாக்க வேண்டும். தனியார் துறையின் ஆள்சேர்ப்பில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் நமக்கு வேண்டும். தொழிற்சங்கங்களும் தலித் இயக்கங்களும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை.

அதுவரை, சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987 இன் 12 ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், பெண்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. விழுப்புரத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை இதற்கு அணுகலாம். கல்லூரியில் பயிலும் வாசகர்கள் தங்கள் ஊரில் வேலையை விட்டு நிற்கும் அண்ணன், அக்காக்களுடன் அமர்ந்து, அவர்களுடைய யு.ஏ.என். கணக்கைத் திறந்து, பணிவரலாற்றைப் பதிவிறக்கி, வெளியேறிய தேதி பதியப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொடுங்கள். அரை மணி நேர வேலை அது. அடுத்த நேர்காணலில் அவர்கள் வெறுங்கையோடு நிற்க மாட்டார்கள்.